ஜீப்புக்கு முதல் தர ஸ்பிரிங் வாங்கிய விவரம்

ஆம்பூர்,
புதன்கிழமை காலை.

அரக்கோணத்தில் வாழும் மதிப்பிற்குரிய மைத்துனர் சம்பத் அவர்களுக்கு, தங்கள் தங்கை அமிர்தவள்ளியின் கணவன் கோதண்டராமன் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே நான், உங்கள் தங்கை, மகள் சங்கீதா ஆகிய மூவரும் கைகால் குறையாமல் சுகமாக இருக்கிறோம். மரியாதைக்காக எழுதும் வரி என்று இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள், மச்சான். இந்த வாரம் எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். தாங்களும் தங்கள் வீட்டாரும் அவ்விதமே இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மாலை நீங்கள் போன் செய்தபோது உங்கள் தங்கை, "அண்ணா, இவரு ஜீப்ப கொட்டாயில சொருகி வெச்சிட்டாரு, எங்க எல்லாரையும் மலைக்கு இட்டுனு போயி கன்னுக்குட்டி இழுக்க வெச்சாரு" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே சிக்னல் போய்விட்டது. அதற்குப் பிறகு நீங்கள் பதினோரு தடவை கூப்பிட்டிருக்கிறீர்கள். எடுக்காததற்கு மன்னிக்கவும். எடுத்தால் போனை உங்கள் தங்கை பிடுங்கிக்கொள்வாள், நடந்தது பாதியும் நான் செய்யாதது பாதியுமாக உங்கள் காதில் விழும். கடிதம் என்றால் யாரும் குறுக்கே பேச முடியாது. அதனால்தான் உட்கார்ந்து ஆதியிலிருந்து எழுதுகிறேன்.

சங்கீதா நாயக்கனேரி மலைப்பக்கம் அரசாங்கக் கால்நடை டாக்டராக இருப்பது நீங்கள் அறிந்ததே. போன வருஷம் அவள் ஒரு பழைய ஜீப் வாங்கினாள். ஜீப் என்றவுடன் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற சின்ன வண்டி, நம் தெரு சந்தில்கூடத் திரும்பிவிடும். எஞ்சினில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அடியில் சக்கரத்துக்கும் உடம்புக்கும் நடுவே வில்போல் வளைந்த இரும்புப் பட்டைகளை அடுக்கி வைத்திருப்பார்கள் அல்லவா, அந்த ஸ்பிரிங் வயதாகித் தட்டையாகப் போயிருந்தது. தார் ரோட்டில் ஒன்றும் தெரியாது. மலையில் ரோடு முடிந்து குக்கிராமங்களுக்குப் பாதை பிரிகிற இடத்திலிருந்து ஒவ்வொரு கல்லும் வண்டியின் வயிற்றில் இடிக்கும். இரண்டு தடவை அடியில் உடைந்து ஆயில் ஒழுகி நின்றுவிட்டது. ஒரு தடவை மாட்டுக்குச் சினை ஊசி போடும் விந்துக் குழாய்கள் வைத்திருக்கும் உறைகுளிர் கேனைத் தோளில் தூக்கிக்கொண்டு நான்கு கிலோமீட்டர் நடந்திருக்கிறாள், நடந்ததை எங்களிடம் சொல்லாமல் மறுநாள் தோளில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தபோது உங்கள் தங்கை பார்த்துக் கண்டுபிடித்தாள். ஆகவே ஸ்பிரிங்கை மாற்றி வண்டியைக் கொஞ்சம் தூக்கிக் கட்டுவது என்று முடிவாயிற்று. போன சனிக்கிழமை அவளுக்குத் தடுப்பூசி முகாம் இருந்ததால், "நான் இருக்கேன்மா, நான் பாத்துக்கறேன்" என்று வேலூருக்குக் கிளம்பினேன். அவள் ஒரு சீட்டில், "ரெண்டு இஞ்ச் உயரம். மீடியம் லோடு. வண்டி பாதி நாள் காலியாத்தான் ஓடும்னு சொல்லுங்க" என்று எழுதிக் கொடுத்தாள்.

அந்த மீடியம் என்ற வார்த்தைதான் என்னை உறுத்தியது. மச்சான், நான் ஷூ கம்பெனியில் முப்பத்து நான்கு வருஷம் தோலைத் தரம் பிரிக்கிற மேஜையில் நின்றவன். ஒரு தோலை மேஜையில் விரித்தால் கட்டை விரலை ஓட்டியே ஒன்று புள்ளி இரண்டு மில்லிமீட்டரா ஒன்று புள்ளி நான்கா என்று சொல்லிவிடுவேன். முதல் தரம் வெளிநாட்டு ஷூவுக்குப் போகும். நடுத்தரம் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்: மாடு முள்ளில் உரசிய கீறல், உண்ணி கடித்த தடம், மறைத்து வெட்டித் தைத்து உள்பக்கம் தள்ளுகிற சரக்கு. ஒற்றை மகள், அதுவும் மலையேறுகிற மகள், அவள் உட்காரும் வண்டிக்கு நடுத்தரமா? சிக்கனத்துக்காகப் பெண் அப்படி எழுதியிருக்கிறாள் என்று நானே நினைத்துக்கொண்டேன். கண்கூடக் கலங்கியது. சீட்டை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தவன் கடையில் அதை வெளியிலேயே எடுக்கவில்லை.

கடைக்காரர் ரஷீத் அஹமது. மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். வண்டியைச் சுற்றி வந்து, குனிந்து பார்த்து, "பின்னால இன்னா வெயிட் ஏத்துவீங்க சார்? முன்னால இரும்பு பம்பர் கிம்பர் மாட்டுவீங்களா? மேல கூடாரம், தண்ணி டேங்க்?" என்று கேட்டார். அதெல்லாம் ஒன்றும் இல்லை என்றேன். "அப்ப ரெண்டு இஞ்ச் மீடியம் போதும்" என்று ஒன்றை எடுத்துப் போட்டார். அவரும் மீடியம்! நான் அதன் மேல் கட்டை விரலை வைத்து அழுத்திப் பார்த்தேன்.

"இன்னா சார் பண்றீங்க?"

"கனம் பாக்கறேன்."

"தோல் இல்ல சார் அது, இரும்பு. அமுக்கினா உங்க விரலுதான் அமுங்கும்."

"இதைவிட நல்லது இல்லையா?"

"இதுவே நல்லதுதான். இதைவிட கெட்டி இருக்குது, நாலு இஞ்ச் ஹெவி. அது வூட்டையே வண்டில ஏத்திக்கினு ஊர் சுத்தறவங்களுக்கு. காலி வண்டிக்குப் போட்டா பேஜாராப் பூடும்."

"கெட்டியானதே கொடுங்க. என் பொண்ணுக்கு வாங்கறேன்."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என்னை ஒரு தடவை பார்த்தார். "பொண்ணுக்கு வாங்கறீங்களா சார், வண்டிக்கு வாங்கறீங்களா?" என்று கேட்டார். இப்போது நினைத்தால் அந்த மனுஷன் எவ்வளவு பெரிய கேள்வி கேட்டிருக்கிறார் என்று தெரிகிறது. அன்றைக்கு எனக்கு அது வியாபாரப் பேச்சாகப் பட்டது. "ரெண்டும் ஒண்ணுதான்" என்றேன். பெருமூச்சு விட்டார். ரசீதில் 'வாடிக்கையாளர் விருப்பம்' என்று தமிழில் எழுதி, அதற்குக் கீழே ஒரு கோடும் போட்டு, "ஒத்து வரலைன்னா ஒரு வாரத்துல எடுத்துக்கினு வாங்க, மாத்தித் தர்றேன்" என்றார்.

மதியத்துக்குள் பழைய பட்டையைக் கழற்றிப் புதியதைப் பூட்டி, உயரத்துக்குத் தக்கபடி நீளமான பிரேக் குழாயும் ஷாக் அப்சார்பரும் மாற்றிவிட்டார்கள். மச்சான், காலையில் நான் ஓட்டிப் போனது ஒரு கன்றுக்குட்டி என்றால் வெளியே வந்தது ஒட்டகம். ஏறுவதற்கு ரஷீத் பாய் தன் கடை முக்காலியையே கொடுத்தனுப்பினார். கடையிலிருந்து ஆஸ்பத்திரி வரைக்கும் மூன்று வேகத்தடை. முதல் தடையில் மூக்குக்கண்ணாடி பறந்தது. இரண்டாவதில் பின்சீட்டில் இருந்த குடை முன்சீட்டுக்கு வந்தது. மூன்றாவதில் நான் இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டே போகலாமா என்று யோசித்தேன். ஆனாலும் கெட்டி என்றால் அப்படித்தான் இருக்கும், புது ஷூ முதலில் கடிப்பதில்லையா என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரி வாசலில் நம் பக்கத்து வீட்டு மக்பூல் அகமது பாயும் அவர் சம்சாரம் மஹ்பூபியும் எனக்காகக் காத்திருந்தார்கள். பாய் தோல் வியாபாரம் செய்பவர், என்னை இருபது வருஷமாகப் பொறுத்துக்கொள்பவர். மஹ்பூபிக்கு முட்டிவலி, டாக்டரைப் பார்க்க வந்திருந்தார்கள், திரும்பும்போது அழைத்துவருவதாக நான் சொல்லியிருந்தேன். நான் கீழே முக்காலியைப் பிடித்துக்கொள்ள, பாய் மேலே ஏறிக் கையைப் பிடித்து இழுக்க, மஹ்பூபி, "மாடி ஏறக் கூடாதுன்னு இப்பதான் டாக்டர் சொன்னாரு, இது மாடிய விட ஜாஸ்தியா இருக்குதே" என்று சொல்லிக்கொண்டே ஏறினாள். வழியில் ஒரு தீவனக் கடையில் சங்கீதாவின் மருத்துவமனைக்கான மாட்டுத் தாது உப்பு நான்கு மூட்டையும் ஏற்றினோம். என்ன ஆச்சரியம், அதற்குப் பிறகு வண்டி தொட்டில்போல் வந்தது! பள்ளிகொண்டா தாண்டும்போது பாய் தூங்கியே போனார். எனக்குத் தலைகால் புரியவில்லை. முதல் தரம் முதல் தரம்தான் என்று இரண்டு தடவை சத்தமாகச் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து வண்டியைக் கொட்டகையில் விட்டேன். கொட்டகை வாசலில் குறுக்கே ஒரு இரும்புச் சட்டம் இருக்கிறது, ஞாபகம் இருக்கும். அந்தச் சட்டத்துக்கும் வண்டிக் கூரைக்கும் நடுவே ஒரு விரல் இடம் விட்டு, வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் பாதி வண்டி உள்ளே போயிற்று. சரி, இத்தோடு நிறுத்தி மூட்டையை இறக்கிவிட்டு முழுதாக உள்ளே விடலாம் என்று நிறுத்தினேன். பாய் இறங்கினார். மஹ்பூபி இறங்கினாள். வண்டி லேசாக அசைந்தது. நான்கு மூட்டையும் இறக்கினோம். வண்டி மெல்ல, மிக மெல்ல, யாரோ கூப்பிட்டதுபோல் எழுந்தது. எழுந்து கூரையைக் கொண்டுபோய்ச் சட்டத்தில் முட்டிக்கொண்டு நின்றது. நான் ஏறி எஞ்சினைப் போட்டு முன்னால் தள்ளினால் கொட்டகையின் தகரக் கூரை முழுக்க முனகுகிறது. பின்னால் இழுத்தால் கொட்டகையே கூட வருகிறது. பாய் குனிந்து பார்த்து, நிமிர்ந்து பார்த்து, "கோதண்டம் சார், வண்டிக்கு கொட்டா போட்டிருக்கீங்களா, கொட்டாக்கு முட்டு குடுத்திருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்.

சாயங்காலம் சங்கீதா முகாமிலிருந்து பஸ்ஸில் களைத்து வந்தாள். "ஸ்பிரிங் மாத்தியாச்சாப்பா?" என்றாள். "ஆச்சும்மா. அசையாம நிக்குது" என்றேன். அதில் ஒரு எழுத்துப் பொய் கிடையாது. உங்கள் தங்கை என்னைப் பார்த்த பார்வைக்கு மட்டும் பயந்து தட்டை எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போய்விட்டேன். ஞாயிற்றுக்கிழமைதானே, விடிந்ததும் ஆள் கூட்டி வந்து சட்டத்தை அறுத்துவிடலாம் என்று திட்டம் போட்டிருந்தேன்.

விடிந்தது. ஏழு மணிக்கு முத்துமாரியிடமிருந்து போன். மலைமேல் தனியாக இரண்டு மாடு வைத்துப் பிழைக்கிற பெண், அதில் செவலைக்கு நிறைசினை. போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டே சங்கீதா பையை எடுத்தாள். "டாக்டரம்மா, செவல வெடியறதுக்கு முன்னயிருந்து முக்கினே கீது. ஒரு காலுதான் வெளிய தெரியுது, இன்னொன்னக் காணம். படுத்துக்கிச்சு டாக்டரம்மா, எழுப்பினா எழல" என்று அழுதாள். "எழுப்பாத முத்துமாரி, இழுக்காத. யாரையும் கைய வெக்க விடாத. நான் வந்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டே கொட்டகைக்கு ஓடியவள், அங்கே போய் நின்றாள்.

"ப்பா."

நான் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"எத்தன இஞ்ச்?"

"நாலு."

"ஹெவியா?"

"முதல் தரம்மா."

அவள் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன், மச்சான். கையைப் பிசைந்துகொண்டு மணியைப் பார்த்தாள் பாருங்கள், அதைத்தான் தாங்க முடியவில்லை. என் கெட்டித்தனத்தால் மலைமேல் ஒரு வாயில்லாத ஜீவன் படுத்துக் கிடக்கிறது. சட்டத்தை அறுக்கிற ஆளுக்கு போன் போட்டேன், ஒன்பது மணிக்கு மேல்தான் வர முடியும் என்றான். டயரில் காற்றை இறக்கலாம் என்றேன். "எறக்கலாம்ப்பா. அப்பறம் அடிக்கறதுக்கு நம்மகிட்ட கால் பம்புதான் கீது. நாலு டயரும் அடிச்சி முடிக்க ஒரு மணி நேரம்" என்றாள். அப்போதுதான் உங்கள் தங்கை, கையில் இட்லிமாவுக் கரண்டியோடு சமையலறையிலிருந்து வந்து, "நேத்து ஆளுங்க உக்காந்திருந்தப்போ உள்ள போச்சு இல்ல? இன்னிக்கும் ஆளுங்க உக்காந்தா வெளிய வந்துட்டுப் போவுது. இதுக்கு இன்னாத்துக்கு இவ்ளோ யோசன?" என்று கேட்டாள். இந்த யோசனை என்னுடையது என்று நான் தெருவில் ஓரிருவரிடம் சொல்லியிருக்கிறேன். உங்களிடம் உண்மையை எழுதுகிறேன்.

நான் மதில்மேல் எட்டி, "பாய்! உயிர் போற காரியம், எல்லாரும் வாங்க!" என்று கத்தினேன். பாய் லுங்கியும் பனியனுமாக ஓடிவந்தார், பின்னாலேயே மஹ்பூபி கையில் சப்பாத்தி மாவு காயாமல். பாயும் மஹ்பூபியும் ஏறினார்கள். வண்டி ஒரு நூல் இறங்கியது. உங்கள் தங்கை ஏறினாள், இன்னும் ஒரு நூல். நான்கு மூட்டையையும் திரும்ப ஏற்றினோம். நான் தரையில் மல்லாந்து படுத்து, மேலே பார்த்து, "இன்னும் வேணும், இன்னும் கொஞ்சம்" என்று ஏலம் கூவினேன். பிறகு நானும் ஏறினேன். போதவில்லை; முதல் நாள் நான் எஞ்சினைப் போட்டுத் தள்ளி இழுத்ததில் சட்டம் நடுவில் சற்றுக் கீழே வளைந்திருந்தது. பாய் இறங்கினார்; அவர் இறங்கியதும் வண்டி பழையபடி போய் முட்டியது. தன் தோல் குடோனிலிருந்து உப்பு போட்ட ஆட்டுத்தோல் கட்டுகள் இரண்டைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து எங்கள் காலடியில் போட்டு மேலே ஏறி உட்கார்ந்தார். சங்கீதா மூச்சைப் பிடித்துக்கொண்டு ரிவர்ஸ் எடுத்தாள். சட்டத்தில் ஒரு கீச்சு சத்தம், அவ்வளவுதான், வெளியே வந்துவிட்டோம். தெருவில் பல் விளக்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் கை தட்டினார்கள்.

எல்லாரும் இறங்கலாம் என்று கதவைத் திறக்கப் போகிறோம். சங்கீதா நிறுத்தவில்லை. குழாய் பதிக்கத் தோண்டி அரைகுறையாக மூடிய பள்ளம் தெருமுனையில் இருக்கிறது அல்லவா, அதில் வண்டியை இறக்கி ஏற்றினாள். யாருக்கும் ஒரு அசைவுகூட இல்லை. பிரேக் போட்டுத் திரும்பிப் பார்த்தாள். "யாரும் எறங்காதீங்க. காலி வண்டிய எடுத்துனு போனா இந்த ஸ்பிரிங்குக்கு மலைல குதிச்சிக் குதிச்சி சக்கரம் மண்ணைப் புடிக்காது. இப்படியே போலாம்" என்றாள்.

"சங்கீதாம்மா, நான் லுங்கில இருக்கறேன்" என்றார் பாய்.

"மாடு ஒண்ணும் சொல்லாது மாமா."

"கரண்டிய யார்னா வாங்கி உள்ள வெய்யுங்களேன்" என்றாள் உங்கள் தங்கை. வண்டி அதற்குள் மெயின் ரோட்டில் ஏறிவிட்டது.

ஊரில் உள்ள நாய்கள் உப்புத்தோல் வாசனைக்கு மலையடிவாரம் வரை பின்னாலேயே ஓடிவந்தன. எதிரே வந்த பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்தவர்கள் எங்களைப் பார்த்தார்கள்: பனியனில் ஒருவர், மாவுக் கையோடு ஒருத்தி, கரண்டியோடு ஒருத்தி, நடுவில் உப்பு மூட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நான். ரோடு முடிந்து பாதை ஆரம்பித்தது. வழக்கமாக வயிற்றில் இடிக்கிற கல் ஒவ்வொன்றையும் சங்கீதாவுக்கு அடையாளம் தெரியும். "இப்ப ஒண்ணு வரும்" என்பாள், நாங்கள் பல்லைக் கடித்துக்கொள்வோம், வண்டி அதன் மேலேயே தாண்டிப் போகும், கீழே ஒரு சத்தமும் இருக்காது. ஓடையில் இறங்கி ஏறியபோது பாய் மட்டும் ஏதோ ஓதினார். அந்த நேரத்திலும், சொல்லக் கூடாது, எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

போய்ச் சேர்ந்தபோது செவலை கழுத்தை நீட்டிப் படுத்திருந்தது. கண் செருகிக் கிடந்தது. முத்துமாரியோடு இரண்டு வயசான பெண்கள் மட்டும் இருந்தார்கள். ஆண்கள் எல்லாம் புளி மூட்டையோடு சந்தைக்கு இறங்கிப் போயிருந்தார்கள். சங்கீதா தோள் வரை உறை மாட்டி, தரையில் ஒருக்களித்துப் படுத்து, கையை உள்ளே விட்டாள். என் பெண் வேலை செய்வதை நான் அதுவரை பார்த்ததில்லை, மச்சான். கண்ணை மூடிக்கொண்டாள். உள்ளே இருப்பதை விரலாலேயே பார்க்கிறாள். "ஒரு கால் மடங்கி உள்ள கீது. தலை சரியா இருக்கு. உயிர் இருக்கு, நாக்க இழுத்தா உள்ள வாங்குது" என்றாள். கன்றை மெல்ல உள்ளே தள்ளி, மடங்கின காலைக் குளம்போடு உள்ளங்கையில் பொத்தி முன்னால் கொண்டுவருவதற்கு இருபது நிமிஷம் ஆயிற்று. வியர்வை கண்ணில் இறங்கியது. உங்கள் தங்கை முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு இரண்டு காலிலும் கயிறு கட்டி எங்கள் கையில் கொடுத்து, "அது முக்கும்போது மட்டும் இழுங்க. அது நிறுத்தினா நிறுத்திடுங்க. யாரும் பலத்தக் காட்டாதீங்க" என்றாள். கடைசி வாக்கியத்தை என்னைப் பார்த்துச் சொன்னாள்.

இழுத்தோம். பாய், நான், உங்கள் தங்கை, முட்டிவலிக்காரி மஹ்பூபி, நான்கு பேரும் மாடு முக்கினால் முக்கி, மாடு மூச்சு விட்டால் மூச்சு விட்டு. எட்டாவது தடவையோ ஒன்பதாவது தடவையோ கன்று வழுக்கிக்கொண்டு வந்தது. பாய் மேல் நானும் என்மேல் உங்கள் தங்கையுமாக விழுந்தோம். எழுந்து பார்த்தால் கன்று அசையவில்லை. ஈரத் துணி மாதிரிக் கிடந்தது. முத்துமாரி வாயைப் பொத்திக்கொண்டாள். சங்கீதா அதன் மூக்கையும் வாயையும் வழித்தெடுத்து, வைக்கோலை மூக்கில் விட்டுத் திருகி, விலாவைத் தேய்த்து, தேய்த்து, "வா, வா, வாடி" என்றாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு கன்று ஒரு தும்மல் போட்டது. முகத்தில் எல்லாம் தெறித்தது. நான் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்; கண்ணையும் சேர்த்துத் துடைத்துக்கொண்டேன் என்று உங்கள் தங்கை சொன்னால் அதற்குக் காரணம் தும்மல்தான். செவலை தலையைத் திருப்பி நக்க ஆரம்பித்ததும் மஹ்பூபி தரையில் உட்கார்ந்து சத்தமாக அழுதாள். கிடாரி, பெண் கன்று. இன்னும் அரைமணி தாமதித்திருந்தால் இரண்டும் போயிருக்கும் என்று சங்கீதா பிற்பாடுதான் சொன்னாள்.

தொட்டியில் கையைக் கழுவும்போது அவள் பக்கத்தில் போய் நின்றேன்.

"மீடியம்னா ரெண்டாம் தரம்னு நெனச்சீங்களாப்பா?"

"ஆமாம்மா."

முதலில் சிரிப்பு வந்தது அவளுக்கு, அப்புறம் சிரிப்பை நிறுத்த முடியாமல் கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டாள். "அது மருந்து மாதிரிப்பா. வெயிட்டப் பாத்து டோஸ். கன்னுக்குட்டிக்கு மாட்டு டோஸ் குடுத்தா, அதுக்குப் பேரு ஜாஸ்தி பாசம் இல்ல" என்றாள். முதல் நாள் போட்ட சட்டையோடுதான் நான் வந்திருந்தேன். சட்டைப் பையில் இருந்த சீட்டை எடுத்து அவளிடமே கொடுத்தேன்.

தாது உப்பு நான்கு மூட்டையும் அந்த ஊர் மாடுகளுக்கே இறக்கிவிட்டோம். அதன் பலனை இறங்கும்போது அனுபவித்தோம். பாரம் குறைந்ததும் வண்டிக்குப் பழைய புத்தி வந்துவிட்டது. ஒவ்வொரு கல்லுக்கும் நாங்கள் அனைவரும் சீட்டைவிட்டு எழுந்து எழுந்து உட்கார்ந்தோம். உங்கள் தங்கையின் தலை மூன்று தடவை கூரையில் இடித்தது. முப்பத்தைந்து வருஷமாக வாயால் சொல்லாத என் பெயரை மூன்று தடவையும் முழுதாகச் சொன்னாள். பாய் தன் தோல் கட்டுகளைப் பிடித்துக்கொண்டு, "சார், அடுத்த வாட்டி நானும் கட்டும் பஸ்ல வர்றோம்" என்றார்.

நேற்று சங்கீதா லீவு போட்டு, இரண்டு பேரும் ரஷீத் பாய் கடைக்குப் போனோம். அவர் என்னைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் முக்காலியை வாங்கி உள்ளே வைத்தார். பிறகு சங்கீதாவிடம் அதே கேள்விகளைக் கேட்டார். "மருந்துப் பெட்டி, குளிர் கேன், நான், கூட ஒரு ஆள். மாசத்துல ரெண்டு நாள் மூட்டை ஏத்துவோம், மத்த நாளெல்லாம் காலி" என்று மளமளவென்று சொன்னாள். அவர் முதல் நாள் எடுத்துப் போட்ட அதே ஸ்பிரிங்கை எடுத்துப் போட்டார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன், விரலை நீட்டவே இல்லை. பூட்டி முடித்து, வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஹெட்லைட்டையும் ரோட்டைப் பார்க்கத் திருப்பிக் கொடுத்தார். வரும் வழியில் வேகத்தடைகளில் வண்டி குனிந்து வணக்கம் சொல்லிவிட்டுப் போகிறது. உங்கள் தங்கை உதவியில்லாமல் ஏறி உட்காருகிறாள். கொட்டகையில் விட்டேன், இறங்கினேன், காத்திருந்தேன். சட்டத்துக்குக் கீழே நான்கு விரல் இடம் அப்படியே இருந்தது. இன்று காலை சங்கீதா மலைக்குப் போய், முத்துமாரியின் கன்று துள்ளிக்கொண்டிருப்பதாகவும் வண்டி எங்கும் அடிபடவில்லை என்றும் போன் செய்துவிட்டாள். ஐந்து நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த மூட்டை இறங்கியது. நிம்மதியாக இரண்டாவது காப்பி குடித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

ஆகவே மச்சான், கவலைப்பட ஒன்றும் இல்லை. என் ஆயுளில் இனி யாருக்காகவும் எந்தப் பொருளையும் தேர்ந்தெடுப்பதில்லை என்று உங்கள் தங்கையின் முன்னால் சொல்லிவிட்டேன். தோலை மட்டும் அறிந்தவன் தோலோடு நின்றுகொள்ள வேண்டும். சுமக்கப் போவது எவ்வளவு என்று கேட்காமல் ஸ்பிரிங்கை வாங்கக் கூடாது. இதை உங்கள் நண்பர்கள் யாராவது ஜீப் வாங்கினால் என் பெயரைச் சொல்லியே சொல்லலாம்.

தங்கள் வீட்டாருக்கு என் வணக்கங்கள். பிள்ளைகளுக்கு ஆசிகள், எல்லாரும் அவரவர் உயரத்துக்கு ஏற்ற வாசலில் நுழைந்து நல்லபடி வாழட்டும். முடிந்தால் வரும் மாதம் தாங்கள் இங்கே வரவும், சங்கீதா மலைக்கு அழைத்துப் போவதாகச் சொல்லியிருக்கிறாள்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மறவாத
கோதண்டராமன்

பி.கு: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் மக்பூல் பாய் வந்தார். பேரணாம்பட்டில் அவர் அக்கா மகன் இதேபோல் ஒரு சின்ன ஜீப் வாங்கியிருக்கிறானாம், ஸ்பிரிங் மாற்ற வேண்டுமாம். முடியாது என்றுதான் சொன்னேன். "ரெண்டு செட் பூட்டிப் பாத்த ஆளு இந்த ஜில்லாவுலயே நீங்க ஒருத்தர்தான் சார்" என்றார். அதில் உண்மை இருப்பதை மறுக்க முடியவில்லை. நான்கு மணிக்குக் கிளம்புகிறோம், உங்கள் தங்கைக்குத் தெரியாது. பையன் வண்டியில் என்ன பாரம் ஏற்றுவான் என்று பாயைக் கேட்டேன், அவருக்குத் தெரியவில்லை. பரவாயில்லை பாய், வண்டியைப் பார்த்தாலே நான் சொல்லிவிடுவேன் என்று சொல்லியிருக்கிறேன்.